தலைமாட்டு சுவிட்ச்

பாப்பா என்று கூப்பிட்டால் அந்தக் குடும்பத்தில் திரும்பிப் பார்ப்பவளுக்கு முப்பத்தாறு வயது. கட்டட வேலைக்கு வந்தவர்களுக்கு முதல் நாள் இது தெரியாது. அம்மா மனை வாசலில் நின்று, "பாப்பா, கம்பி வந்துடுச்சு, வந்து பாரு" என்று குரல் கொடுத்தபோது, ஏதோ சின்னப் பிள்ளை ஓடி வரப்போகிறது என்று எண்ணி, வண்டியைக் கொஞ்சம் ஓரங்கட்டச் சொன்னார் மேஸ்திரி. வந்தவளுக்குக் காதோரம் நரை. கையில் அளவு டேப், கக்கத்தில் ஒரு நீள நோட்டு. கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள், தடிமன் பார்த்தாள், இரண்டு குறைகிறது என்றாள். குறைந்துதான் இருந்தது. அன்றிலிருந்து மேஸ்திரிக்கு அவள் பாப்பாம்மா. பின்னால் வந்து சேர்ந்த எலக்ட்ரீஷியனுக்குப் பாப்பாக்கா. சிரிக்காமல் அப்படிக் கூப்பிட அவர்களுக்கு ஒரு வாரம் பிடித்தது.

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். வருகிறவர்களின் இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுவது, கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்துவது, காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா என்று கேட்டு வளைத்துக் கொடுப்பது. கடைக்கு மதியம்தான் போக வேண்டும் என்பதால் காலைப் பொழுது முழுக்க மனையில் நின்றாள். அவள் நிற்கட்டும் என்று யாரும் தீர்மானிக்கவில்லை. பெரியண்ணனுக்குத் தலைக்கு மேல் வேலை. சின்னண்ணன் மனைவியோடு வேறு ஊரில் இருந்தான். வீடு முடிந்ததும் இங்கேயே வந்துவிடப் போகிறவன். அண்ணிக்கு இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்குள் பாதி உயிர் போய்விடும். அம்மாவுக்கு முழங்கால் வலி. மிச்சமிருந்தது அவள்.

அப்படிச் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அஸ்திவாரக் குழியில் முதல் கல் இறங்கியதிலிருந்து கூரைக்குக் கான்கிரீட் போட்டது வரை தேதிவாரியாக நோட்டில் இருந்தது. எந்தச் சுவரில் எத்தனை வரிசை செங்கல் என்று கேட்டால் நோட்டைத் திறக்காமலே சொல்வாள்.

நோட்டின் முதல் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமையுடையது. பிளான் போட வந்த என்ஜினியர் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து, யாருக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டார். பெரியண்ணனுக்குச் சுவர் முழுக்க அலமாரி. அண்ணிக்கு, கேட்டைத் திறந்துகொண்டு வருவது யார் என்று சமையலறையிலிருந்தே தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல்; வருகிறவர்களைப் பொறுத்துத்தான் எத்தனை பேருக்கு டீ போடுவது என்று முடிவெடுக்க முடியும் என்றாள். பிள்ளைகள் இருவரும் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட அறை கேட்டார்கள். அறை கிடைத்தது, தாழ்ப்பாள் கிடைக்கவில்லை. சின்னண்ணன் போனில் பால்கனி என்றான். அதே போனைப் பிடுங்கி அவன் மனைவி, பால்கனியில் நின்று யாரை வேடிக்கை பார்க்கப் போகிறார் இவர், அந்த இடத்தில் ஒழுங்கான ஒரு குளியலறை போடுங்கள் என்றாள்.

அம்மாவின் முறை வந்தபோது அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். "எனக்குத் தனியா ஒரு ரூம். ஒத்தக் கட்டில். பக்கத்துல யாரும் காலைத் தூக்கி மேல போடக்கூடாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது பாப்பாதான், ஏனென்றால் அந்தக் கால் அவளுடையது. வாடகை வீட்டில் அம்மாவும் அவளும் ஒரே கட்டிலில் படுத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அவள் சுவர்ப் பக்கம், அம்மா வெளிப்பக்கம்.

வந்து போகிறவர்களுக்கும் ஒரு அறை போட்டுவிடுங்கள் என்றாள் அம்மா கடைசியில். என்ஜினியர் குறித்துக்கொண்டார். மூடி போட்டுப் பேனாவைச் சட்டையில் செருகிய பிறகுதான், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்த அவளை நிமிர்ந்து பார்த்தார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கேட்கவில்லை என்று பிற்பாடு யாரும் சொல்ல முடியாது. எனக்கென்ன, படிக்கட்டு வழுக்காமல் இருந்தால் சரி என்றாள் அவள். அதையும் பதினாறாவதாக நோட்டில் எழுதினாள்.

சுவர் எழும்பி, கூரை போட்டு, பூச்சு வேலைக்கு முன்னால் எலக்ட்ரீஷியன் வந்தான். சுவரில் எங்கெங்கே சுவிட்ச் பெட்டி வரவேண்டும் என்று சாக்குக்கட்டியால் குறித்து, உளியால் குழி வெட்டி, குழாய் பதித்துவிட்டால்தான் பூச்சுக்காரர்கள் உள்ளே நுழையலாம். வாய் ஓயாத ஆள். வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள், அங்கே தனக்குப் பேசவே இடம் கிடைப்பதில்லை, அதனால் வேலைக்கு வந்த இடத்தில் பேசித் தீர்த்துக்கொள்கிறேன் என்பான். அவனுக்கு ஒரு கொள்கை உண்டு. ஹாலில் சுவிட்ச் எங்கே வைத்தாலும் குடும்பம் பிழைத்துக்கொள்ளும். படுக்கை அறையில் தலைமாட்டு சுவிட்ச் இடம் மாறினால் பிழைக்காது. குளிருகிறது என்று ஒருத்தரும் வேர்க்கிறது என்று ஒருத்தரும் மின்விசிறிக்காக மல்லுக்கட்டி, கடைசியில் எழுந்துபோய் அணைப்பது யார் என்பதில் விவாகரத்து வரை போன வீடு தனக்குத் தெரியும் என்றான். ஆகவே ஒவ்வொரு அறையிலும், கட்டில் எந்தச் சுவரை ஒட்டி வருகிறது, யார் எந்தப் பக்கம் படுப்பார், எந்தக் கை எட்ட வேண்டும் என்று கேட்டுத்தான் சாக்குக்கட்டியை எடுப்பான்.

அவளுக்கு எல்லாம் விரல் நுனியில் இருந்தது. பெரியண்ணன் இடது பக்கம். அண்ணிக்கு போன் சார்ஜ் போட அவள் பக்கம் ஒரு பிளக். பெரிய பிள்ளை படித்துக்கொண்டே தூங்கிவிடும், விளக்கை அணைக்கக் கைக்குப் பக்கத்தில் வேண்டும். சின்னப் பிள்ளைக்கு இருட்டு பயம், சின்னதாக ஒரு இரவு விளக்கு. சின்னண்ணன் மின்விசிறி இல்லாமல் தூங்கமாட்டான், அவன் மனைவி இருந்தால் தூங்கமாட்டாள். அதனால் சுவிட்ச் அவள் பக்கம். நீங்கள் பிழைக்கத் தெரிந்தவர் பாப்பாக்கா என்றான் எலக்ட்ரீஷியன். அம்மா அறையில் ஒற்றைக் கட்டில், ஜன்னலை ஒட்டி, வலது கைப்பக்கம், படுத்துக்கொண்டே எட்டுகிற உயரத்தில்.

கடைசி அறைக்கு வந்தார்கள். வீட்டின் பின்பக்கம், மேற்குச் சுவரில் ஒரு ஜன்னலோடு.

"இது யாரோடது?"

"விருந்தாளிங்க வந்தா தங்கறதுக்கு."

"அப்ப வாசல் பக்கம் ஒரு சுவிட்ச் போதும். வர்றவங்க எந்தப் பக்கம் படுப்பாங்கன்னு நமக்கு என்ன ஜோசியமா தெரியும்" என்று குறித்துவிட்டு, கையிலிருந்த தூசியைக் காற்சட்டையில் தட்டினான். "சரி, வாங்க. உங்க ரூமைப் பாத்துட்டா கீழ்தளம் முடிஞ்சுது."

"நான் அம்மா கூடத்தான்."

"அங்க ஒத்தக் கட்டில்னு சொன்னீங்களே அக்கா."

சொல்லியிருந்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் நோட்டைத் திறந்தாள். அறைகளின் பட்டியலில் மேலிருந்து கீழாகவும் பிறகு கீழிருந்து மேலாகவும் விரலை ஓட்டினாள். எல்லாம் அவள் கையெழுத்துதான், அடித்தல் திருத்தல் இல்லாமல். மேல்தளத்தில் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று எலக்ட்ரீஷியன் கேட்டான். மேல்தளத்தில் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் என்பது அவனுக்கும் தெரியும். பிறகு, வாய் ஓயாத அந்த மனிதன், வெளியே குழாய்க் கட்டு கிடக்கிறது, நனைந்துவிடப் போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்தான். வெளியே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் முதலில் செய்தது, அம்மா அறைக்குத் திரும்பிப்போய் அளந்தது. பத்தடிக்கு ஒன்பதடி. கட்டிலுக்கு மூன்றடி, இன்னொரு கட்டிலுக்கு மூன்றடி. நடுவில் அம்மாவின் முழங்கால் மடங்காமல் நடந்துபோக இரண்டடி. அலமாரிக் கதவு திறக்க வேண்டும், குளியலறைக் கதவும் திறக்க வேண்டும். கட்டில்களை நீளவாக்கில் போட்டுப் பார்த்தாள், குறுக்குவாக்கில் போட்டுப் பார்த்தாள், ஒன்றை நீளமாகவும் ஒன்றைக் குறுக்காகவும் போட்டுப் பார்த்தாள். எல்லாம் தரையில் சாக்குக்கட்டிக் கோடுகள்தான். எப்படிப் போட்டாலும் ஏதாவது ஒரு கதவு நான்கு அங்குலத்துக்கு இடித்தது. நான்கு அங்குலம்தானே என்று தோன்றியது. பிறகு, இந்த அறையில் யாரும் காலைத் தூக்கிப் போடக்கூடாது என்று அம்மா கேட்டது நினைவுக்கு வந்தது. டேப்பைச் சுருட்டிக்கொண்டாள். கோடுகளைக் காலால் தேய்த்து அழித்தாள்.

அன்று கடையில் ஒரு பெரியவருக்குக் கண்ணளவு எடுத்து, எழுதும் முன்பே எண்ணை மறந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டு மறுபடி அளக்க வேண்டியிருந்தது.

இது தன் தவறா, மற்றவர்கள் தவறா என்று அவளால் முடிவுக்கு வர முடியவில்லை. எட்டு மாதமாகத் தினமும் அந்தச் சுவர்களுக்கு நடுவே நடந்தவள் அவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததாகத் தன்னைப் பற்றித் தானே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை முதல் நாளே தெரிந்திருக்குமோ, தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டாளோ என்றும் யோசித்தாள். ஆனால் ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது. அவளுக்கு ஒரு அறை வேண்டும். அது இல்லாமல் அந்த வீட்டுக்குள் போவதற்கு அவளுக்குக் கால் வராது. பூச்சு வேலை தொடங்க எட்டு நாள் இருந்தது. அதன் பிறகு கேட்டால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். எட்டு நாளுக்குள் வாயைத் திறந்து கேட்டுவிட வேண்டும். கேட்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

ஞாயிற்றுக்கிழமை பெரியண்ணன் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்தான். அவனை எல்லா அறைக்கும் அழைத்துப்போய்க் காட்டினாள். படிக்கட்டில் இருவரும் உட்கார்ந்தபோது கேட்டாள்.

"அண்ணா, நான் எங்க படுக்கறது?"

"ஏன், தூக்கம் வருதா?" என்றான் அவன். "காலையிலேர்ந்து நிக்கறே. வா, வீட்ல விட்டுடறேன்."

"இப்ப இல்ல. வீடு முடிஞ்சப்புறம்."

அவன் சட்டைக் கையில் ஒட்டியிருந்த சிமெண்டுப் பொருக்கை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தான். அது போய்விட்ட பிறகும் சுரண்டினான். பின்பக்கத்து அறை சும்மாதானே கிடக்கும், அதில் இருந்துகொள்ளேன் என்றான். விருந்தாளி வந்தால் என்று கேட்டாள். வருகிற அன்றைக்கு மட்டும் ஹாலில் சரிக்கட்டிக்கொள்ளலாம், நம் வீட்டுக்கு அப்படி யார் வரிசைகட்டி வரப்போகிறார்கள் என்றான். இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தால் அவனுக்கே சகிக்கவில்லை என்று தெரிந்தது. அவளைவிட ஆறு வயது மூத்தவன். சின்ன வயதில் அவளுக்கு மிதிவண்டி பழக்கியவன். பொய் சொல்ல வராது.

"அம்மாதான் உனக்குன்னு போட வேணாம்னாங்க" என்றான். "பிளான் வர்றதுக்கு முன்னாடியே என்கிட்டயும் தம்பிகிட்டயும் தனியா சொல்லிட்டாங்க. தப்பா எதுவும் இல்ல பாப்பா. உனக்கு ஒரு நல்லது நடந்து நீ போயிட்டேன்னா, வந்து போறப்ப உனக்கும் மாப்பிள்ளைக்கும் அந்த ரூம்தான். அதுக்குத்தான் அதைப் போட்டதே."

அவளுக்கு அழுகை வரும் என்று அவன் பயந்திருப்பான் போலிருக்கிறது. அவளுக்கு வந்தது வேறு. எட்டு மாதமாக வெயிலில் நின்று, தான் என்றாவது ஒரு நாள் விருந்தாளியாக வந்து தங்கப்போகும் அறைக்குச் செங்கல் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்டால் சிரிப்புத்தான் வரும். சிரித்தும்விட்டாள். அவன் அதை நம்பி, பெருமூச்சு விட்டு, ஒரு டீ குடிக்கலாமா என்றான்.

கல்யாணம் வேண்டாம் என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை. பார்க்க வந்தார்கள், போனார்கள். ஒரு வரன் கைகூடும் போல இருந்து, இரண்டு மாதம் இழுத்து, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. அதன் பிறகு வருவது குறைந்தது. பிறகு நின்றது. சொட்டிக்கொண்டே இருந்த குழாய் என்றைக்கு நின்றது என்று யாருக்கும் தேதி தெரியாத மாதிரி, அதற்கும் தேதி இல்லை. எல்லாவற்றையும் எழுதிவைக்கிறவளின் நோட்டிலும் இல்லை.

மறுநாள் காலை, அண்ணி பிள்ளைகளோடு கிளம்பிப்போன பிறகு வீடு ஓய்ந்திருந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து தலையணை உறைகளை மாற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு தலையணை. பாப்பா கதவோரம் நின்றாள். அம்மா நிமிரவில்லை, அண்ணன் சொல்லிவிட்டானா என்று மட்டும் கேட்டாள். சொன்னான் என்றாள் இவள். உறைக்குள் தலையணை போகாமல் முரண்டு பிடித்தது. வழக்கமாக இவள் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்வாள். இன்றைக்குப் பிடிக்கவில்லை.

"எனக்கு இடம் இல்லாமப் போயிடக்கூடாதுன்னு ஏம்மா தோணல?"

"இடம் இல்லாமப் பண்ணணும்னு செஞ்சேனா?" அம்மா தலையணையை மடியில் போட்டுக்கொண்டாள். "உனக்குன்னு ஒரு ரூம் கட்டிட்டா, அதுல நீ சாமானெல்லாம் அடுக்கிட்டா, நான் தினமும் அதைப் பாத்துட்டு, சரி, இவளுக்குத்தான் எல்லாம் இருக்கேன்னு விட்டுடுவேன். யார்கிட்டயும் சொல்லி வைக்கமாட்டேன், விசாரிக்கமாட்டேன். நீ போகமாட்டேங்கறதில்ல என் பயம் பாப்பா. நான் விட்டுடுவேன். அதான் பயம்."

கோபித்துக்கொள்ள வந்தவளின் கையிலிருந்து கோபத்தை யாரோ வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. இந்த நான்கைந்து வருடத்தில் அம்மா யார் யாரிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே கட்டிலில்தான் படுக்கிறார்கள். ஒருத்தி இதை நினைத்துக்கொண்டு வெளிப்பக்கம், ஒருத்தி எதையும் நினைக்காமல் சுவர்ப் பக்கம்.

"பின்பக்க ரூமை நான் எடுத்துக்கறேம்மா" என்றாள்.

"அது உனக்குத்தானே. வந்து போறப்ப."

"வந்து போறப்ப இல்ல."

அம்மா உறை போட்ட தலையணையைக் கட்டிலில் வைத்தாள். அடுத்த உறையை உதறினாள். அம்மா பிடி கொடுக்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். கொடுக்காமல் போனதே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். நாள்தான் இல்லை.

எலக்ட்ரீஷியனிடம் அன்றைக்கே சொன்னாள். பின்பக்க அறைக்கும் தலைமாட்டில் சுவிட்ச் வேண்டும், ஒற்றைக் கட்டில். அவன் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. எந்தச் சுவர், எந்தக் கை என்று மட்டும் கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் சொன்னவளுக்குத் தன்னுடையது தெரியவில்லை. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் அம்மா என்று படுத்தவள், விளக்கை அணைத்ததே இல்லை. அது அம்மாவின் வேலை. கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவன் டீ குடித்துவிட்டு வருவதாகக் கிளம்பினான். மேஸ்திரியையும், வரவில்லை என்றவரை, வம்படியாக இழுத்துக்கொண்டு போனான்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் அந்த அறையில் ஒரு சிமெண்டுச் சாக்கை உதறி விரித்து, வடக்குச் சுவரில் தலையை வைத்துப் படுத்தாள். கீழேயிருந்து பார்த்தால் அறை உயரமாக இருந்தது. கூரையில் பலகைகளின் தடம் வரிவரியாகத் தெரிந்தது. இடது கையை நீட்டிப் பார்த்தாள், வலது கையை நீட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கமும் எதுவும் தடுக்கவில்லை, கால் பக்கமும்தான். காலை ஒரு முறை வேண்டுமென்றே தூக்கிப் பக்கத்தில் போட்டாள். தரை சில்லென்றிருந்தது. சரிதான், இது பழக நாளாகும் என்று நினைத்தாள். வெகு நேரம் கழித்து, வலது பக்கம் ஒருக்களித்தால்தான் ஜன்னல் தெரிகிறது என்று கண்டுபிடித்தாள். கட்டிலின் உயரம் ஒன்றரை அடி சேர்த்துக் கணக்குப் போட்டு, எழுந்து, சாக்குக்கட்டியால் வலது கைப்பக்கம் ஒரு கட்டம் வரைந்தாள். நோட்டில், அறைகளின் பட்டியலில் கடைசி வரியில் இருந்த 'விருந்தாளி'யை அடித்தாள். அந்தப் பட்டியலில் அதுதான் முதல் அடித்தல். மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் 'நான்' என்று எழுதினாள். எழுதியது விநோதமாக இருந்தது, ஆனால் திருத்தவில்லை.

புதன்கிழமை அம்மா மனையைப் பார்க்க வேண்டும் என்றாள். பாப்பா கடைக்குக் கிளம்பும் நேரம் அது. அம்மாவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அண்ணி வந்து அழைத்துப்போவாள் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலை வந்து பார்த்தபோது பின்பக்க அறையில் இன்னொரு குழி இருந்தது. அவள் குறித்த குழிக்குச் சரி மட்டத்தில், கட்டில் வரவேண்டிய இடத்துக்கு அந்தப் பக்கம். இரட்டைக் கட்டிலுக்கு எவ்வளவு அகலமோ அவ்வளவு தள்ளி. புதிதாக வெட்டிய செங்கல் பொடி கீழே சிவப்பாகக் கொட்டிக் கிடந்தது.

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தான். "அம்மா வந்து நின்னுட்டாங்க அக்கா. ஒரு பக்கம் மட்டும் ஏன் வெட்டியிருக்கேன்னு கேட்டாங்க. ஒத்தக் கட்டில்னு சொல்லியிருக்காங்கம்மான்னேன். அவங்க ஒண்ணும் சத்தம் போடல. அந்தப் பக்கமும் ஒண்ணு வெட்டிடுப்பா, இருக்கட்டும்னாங்க. நான் வெட்டி முடிக்கற வரைக்கும் நின்னாங்க." உளியால் குழியைக் காட்டி, "வயசானவங்க, நிக்க முடியாம சுவத்தைப் பிடிச்சுட்டு நின்னாங்க. எப்படி அக்கா முடியாதுங்கறது? சொல்லுங்க, ஒரு சட்டி கலவை போதும், இப்பவே அடைச்சுடறேன்" என்றான்.

அவள் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். நேர்த்தியாக வெட்டியிருந்தான். அடைத்துவிடலாம். பூச்சு வந்த பிறகு அப்படி ஒன்று இருந்த தடயமே தெரியாது. அம்மாவும் கேட்கமாட்டாள்; அடுத்த முறை வந்து, சுவரைப் பார்த்து, புரிந்துகொண்டு போய்விடுவாள். அப்படியே விட்டும்விடலாம். எதற்கும் இணைக்காத ஒரு சுவிட்ச், தினமும் படுக்கும்போது கைக்கு எட்டாத தூரத்தில், யாருக்காகவோ. முன்னது அம்மாவிடம் பேசாமல் பதில் சொல்வது. பின்னது தன்னிடம் பேசாமல் இருப்பது. இரண்டையும் ஒரு முறை மனதுக்குள் நடத்திப் பார்த்தாள். வாய் ஓயாதவன் உளியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தான்.

"அடைக்க வேணாம்" என்றாள். "சுவிட்ச் வேணாம், பிளக் போடுங்க. விளக்குக்கு ஒண்ணு, இன்னொண்ணும் இருக்கட்டும். அந்தப் பக்கம் மேசை வரும்."

"மேசைன்னா கொஞ்சம் மேல வெட்டணுமே. இது மேசைக்கு அடியில போயிடும்."

"பரவாயில்ல. குனிஞ்சு போட்டுக்கறேன்."

பூச்சு வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். சின்னண்ணனும் மனைவியும்கூட வந்திருந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொரு அறையிலும் கத்தி எதிரொலி கேட்டார்கள். அண்ணி சமையலறை ஜன்னலில் நின்று, கேட்டுக்கு வெளியே நின்ற பெரியண்ணனுக்கு, நீங்கள் என்றால் டீ கிடையாது என்று கையால் ஜாடை காட்டினாள். சின்னண்ணன் மனைவி, மின்விசிறி சுவிட்சுக்கான பெட்டி தன் பக்கம் இருப்பதைக் கண்டு, நாத்தனார் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று பாப்பாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். வீடு நன்றாக வந்திருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். பொய்யில்லை, நன்றாகத்தான் வந்திருந்தது.

அம்மா ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு கடைசியாகப் பின்பக்கம் வந்தாள். பாப்பா அவள் பின்னால் நின்றாள். மற்றவர்கள் ஹாலில் எங்கே எதை வைப்பது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா சுவரை ஒட்டிப் போய், தான் வெட்டச் சொன்ன இடத்தில் குனிந்து பார்த்தாள்.

"இதுல சுவிட்ச் எப்ப மாட்டுவாங்க?"

"அது பிளக்கும்மா. அங்க மேசை போடப் போறேன்."

"யாருக்கு?"

"எனக்கு."

அம்மா நிமிர நேரம் எடுத்துக்கொண்டாள். முழங்கால்தான் காரணம் என்றும் சொல்லலாம். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. ரொம்ப தூரம் நடந்து வந்தவள் உட்கார இடம் தேடுகிற மாதிரி அறையைச் சுற்றிப் பார்த்தாள். உட்கார அங்கே எதுவும் இல்லை.

"மேசையில உக்காந்து என்ன பண்ணப் போறே?"

"தெரியலம்மா. உக்காருவேன்."

அம்மா தலையை ஆட்டினாள். ஜன்னல் பக்கம் போய், வெளியே கையை நீட்டி, வெயில் எப்படி விழுகிறது என்று பார்த்தாள். "மேற்கு வெயில் நேரா அடிக்கும். கெட்டியா ஒரு திரை வேணும்" என்றாள். அவ்வளவுதான். பிறகு இவள் கையைப் பிடித்துக்கொள்ளாமலே, சுவரைத் தொட்டுத் தொட்டு ஹாலுக்கு நடந்தாள். அங்கே யாரோ ஏதோ கேட்டதற்கு, பின்னாடி ரூம் பாப்பாவுக்கு என்று அவள் சொல்வது கேட்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை. அண்ணி, அதானே, அது அவளுக்குத்தானே என்றாள், முதலிலிருந்தே அப்படித்தான் என்பது போல.

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. கேட்டால் கிடைத்துவிடுகிறது என்பது அவளுக்குப் புதிது. கிடைத்துவிட்டதில் ஏதோ ஒன்று நின்றுபோனதும் புரிந்தது. இனி அம்மா யாரிடமும் சொல்லி வைக்கமாட்டாள். அம்மா பயந்தது இதற்குத்தான், சரியாகத்தான் பயந்திருக்கிறாள். தனக்குத் தெரியாமல் இத்தனை வருடம் யாரோ தனக்காக ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கை ஓய்ந்து, இன்றைக்கு விட்டுவிட்டார்கள். விடச் சொன்னது அவளேதான்.

கிளம்பலாமா என்று பெரியண்ணன் கேட்டான். நீங்கள் போங்கள், பூச்சு வெடிக்காமலிருக்கத் தண்ணீர் அடிக்க வேண்டும், ஏழு நாளைக்கு விடக்கூடாது என்றாள். வேலையாள் நாளைக்கு வந்து அடிக்கமாட்டானா என்றான் அவன். ஒரு நாள்கூட விடக்கூடாது, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லை என்றாள். வண்டிக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. யாரோ உள்ளேயிருந்து, எல்லாரும் வந்தாச்சா என்று கேட்டார்கள். வந்தாச்சு என்று யாரோ சொன்னார்கள். வண்டி கிளம்பிப் போயிற்று.

அவள் குழாயில் ரப்பர் டியூபைச் செருகித் திறந்து, அம்மா அறையில் தொடங்கி ஒவ்வொரு சுவராக நனைத்துக்கொண்டு வந்தாள். காய்ந்த பூச்சு தண்ணீரைச் சுர்ரென்று உறிஞ்சியது. கடைசியாகப் பின்பக்க அறை. நான்கு சுவரையும் மேலிருந்து கீழாக நனைத்தாள். ஒரு இடம் காய்ந்தது போலத் தெரிந்தது. அதை இன்னொரு முறை நனைத்தாள்.